பத்து வருஷத்துக்கு ஒரு வண்டி

ஜப்பான் வண்டியா ஜெர்மன் வண்டியா என்று யாராவது கேட்டிருந்தால் ரங்கநாயகி யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பாள். ஆனால் காலையிலிருந்து அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, அவள் புருஷன் உட்பட. அவினாசி சாலையில் இருந்தது அந்தக் கடை. மற்றவர்கள் ஓட்டி அலுத்த சொகுசு வண்டிகளை வாங்கி, துடைத்து மெருகேற்றி விற்கிற கடை. உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு ஏறிவிடுகிற சோபா ஒன்றில் அவள் புதைந்திருந்தாள். எதிரே, முகம் தெரிகிற தரையில், இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜீப்பைப் போல நிமிர்ந்தும் காரைப் போலக் குறுகியும் இருக்கிற ஜாதி. வெள்ளை ஜப்பான்காரனுடையது, கருநீலம் ஜெர்மன்காரனுடையது. தெய்வசிகாமணி கருநீலத்தைத்தான் சுற்றிவந்தார். குத்துக்காலிட்டு டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார், எழுந்தார், இடது பக்கக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றார், அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். குழந்தையின் காது மடலைத் தடவுவது மாதிரி இருந்தது. இந்த மனுஷருக்கு இது எதற்கு என்று அவள் மறுபடியும் நினைத்தாள். கட்டட வேலையில் கோணிப்போன ஆணியைத் தூக்கிப் போடாமல் தட்டி நிமிர்த்தித் திரும்ப அடிக்கச் சொல்லுகிறவர். வீட்டுச் சின்ன வண்டியைப் பதினாலு வருஷமாக ஓட்டுகிறார், அதன் இருக்கைத் துணி கிழிந்தபோது புதுசு போடாமல் தைத்துக்கொண்டு வந்தவர். சொகுசு என்ற வார்த்தையைச் சொல்லும்போதே அவர் உதடு ஒரு பக்கம் இழுக்கும். அப்படிப்பட்டவர் ஒரு மாதமாகச் சாப்பிடும்போதும் போனில் வண்டிகளைப் பார்க்கிறார். பார்க்கட்டும், ஆனால் ஏன்? அவளுடைய யோசனை அங்கே வந்ததும் ஒவ்வொரு முறையும் புடவை முள்ளில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது.

அவருடைய தம்பி கந்தவேல் பெரிய ஜீப் வாங்கினதால் இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். இல்லை, கந்தவேல் வண்டியைக் கொண்டுவந்து காட்டிய அன்று இவர் சிரித்துக்கொண்டு, இதை நிறுத்தறதுக்கே தனியா ஒரு சைட் வாங்கோணும்டா என்று சொல்லி அனுப்பினார், அந்தச் சிரிப்பில் புகைச்சல் இல்லை. வயது அறுபது ஆகிவிட்டது, கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள், இருக்கிறவரை அனுபவிப்போம் என்று தோன்றியிருக்குமோ? அப்படித் தோன்றினால் மனுஷன் முதலில் நல்ல செருப்பு வாங்குவான். மூன்றாவது காரணத்தை அவள் முழுசாக நினைக்கவில்லை, பாதி நினைத்து, மூட்டு வலிக்குத் தைலம் போடுகிற ஆளுக்கு அதெல்லாம் ஒரு கேடா என்று சிரித்துவிட்டாள். ஆனால் சிரித்த பிறகும் அது போகவில்லை, ஏனென்றால் சில நாட்களில் அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறார். சைட்டு விஷயம் என்பார். சைட்டு விஷயத்தை முப்பது வருஷமாகக் கூடத்தில் நின்று தெருவே கேட்கும்படிதான் பேசியிருக்கிறார். சரி, காரணம் கிடைக்காவிட்டால் போகிறது, கணக்காவது சரியாக இருக்கட்டும் என்று அவள் தனக்குத் தெரிந்த வழிக்குத் திரும்பினாள். பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் தலை நரைக்கிற வரைக்கும் உட்கார்ந்தவள். ஒரு பம்ப்பைப் பார்த்து ஆசைப்படுகிறவன் விலையைக் கேட்பான், அதை வைத்துக் காலம் தள்ளப் போகிறவன் சீல் போனால் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை தோட்டத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று கேட்பான். இரண்டாவது ஆளுக்காகத்தான் அவள் சம்பளம் வாங்கினாள். வண்டியும் அப்படித்தானே. வாங்கிய அன்றைக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டி. நாலாம் வருஷம் அது எப்படி இருமுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

“மேடம், காபி எடுத்துக்கோங்க” என்று ஷெரின் வந்தாள். விற்பனைப் பிரிவில் இருக்கிற பெண், பாலக்காட்டுப் பக்கம், தமிழை ஒரு சின்ன ஊஞ்சலில் வைத்து ஆட்டி ஆட்டிப் பேசினாள். ரங்கநாயகி அவளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். ஜெர்மன் வண்டிக்கு ஸ்டெப்னி டயரே கிடையாதாமே, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயராமே, அது ஒன்று போனால் நம்ம சின்ன வண்டிக்கு நாலும் மாற்றிவிடலாம் இல்லையா? ஷெரின் மறுக்கவில்லை. உதிரி பாகம் சென்னையிலிருந்து வரவேண்டும், சிலது அங்கேயும் இருக்காது. வாரண்டி முடிந்ததும் சர்வீஸுக்கு விடுகிற ஒவ்வொரு முறையும் மனசு திக்கென்று இருக்கும். விற்கப் போனால் வாங்குகிறவன் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிற விலைதான் கிடைக்கும். ஜப்பான் வண்டி அப்படியில்லை, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுவது, வாய் திறக்காமல் உழைக்கும், பத்து வருஷம் கழித்தும் கேட்டு வாங்க ஆள் இருப்பார்கள். பெரிய பேட்டரி படுத்துக்கொண்டால் மட்டும் பெரிய செலவு, ஆனால் அது லேசில் படுக்காது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ரங்கநாயகி காபியை வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தெய்வசிகாமணி அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஏம்மா, இந்தப் பக்கத்துல வண்டி வந்தா விளக்கு எரியும்னியே, இது எத்தனை வருஷத்துக்கு வரும்?” ஷெரின் திரும்பினாள். “பிளைண்ட் ஸ்பாட் சென்சார்ங்களா சார்? அது பின்னாடி பம்பருக்குள்ள இருக்கும். சாதாரணமா ஒண்ணும் ஆகாது.” “சாதாரணமா ஆகாது சரி. ஆனா ஆச்சுன்னா? அது போயிருச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? சும்மா எரியாம இருக்கறதுக்கும், வண்டி ஒண்ணும் வரலைன்னு எரியாம இருக்கறதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?” ஷெரின் ஒரு கணம் தடுமாறி, திரையில் காட்டும் சார் என்றாள். இன்ஜினைப் பற்றிக் கேட்கவில்லை, கியரைப் பற்றிக் கேட்கவில்லை, கிலோமீட்டருக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. கொத்துக்கரண்டி வாங்கினாலும் பிடியைப் பத்து முறை திருகிப் பார்க்கிற ஆள், இத்தனை பெரிய வண்டியில் பட்டாணி அளவு விளக்கைப் பற்றி மட்டும் கேட்கிறார். நல்ல கேள்விதான் என்று அவளுக்குள் இருந்த கொள்முதல் அதிகாரி ஒப்புக்கொண்டாள். ஆனால் அது வேறு யாரோ கேட்க வேண்டிய கேள்வி மாதிரி இருந்தது.

முதலில் ஜப்பான் வண்டியை எடுத்தார்கள். ஷெரின் முன்னால் இடது பக்கம், ரங்கநாயகி பின்னால். வண்டி கிளம்பினதே தெரியவில்லை, வீட்டில் யாரோ மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி ஒரு நகர்வு, அவ்வளவுதான். இதுதான் வண்டி என்று அவள் இருக்கையில் சாய்ந்தாள், இந்த அமைதிக்குத்தான் பத்து வருஷம் கழித்தும் விலை கிடைக்கும். மேம்பாலத்துத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, சாலையில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது, ஷெரின் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், முந்தின ஓனர் ஒரு பல் டாக்டர், ஊருக்குள் மட்டும்தான் ஓட்டினார், மழைத்தண்ணியில் இறக்கினதே இல்லை. தெய்வசிகாமணியின் பிடரி விறைத்திருந்தது. அவர் ஓட்டுவதைப் பார்த்துத்தான் அவள் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறாள். ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, மறுகையின் இரண்டு விரலால் ஓட்டுகிற ஆள், மணல் லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் பேச்சை நிறுத்தாமல் புகுந்து வெளியே வருகிற ஆள். இப்போது இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். புது வண்டி, அதனால் இருக்கும். வண்டியும் சாலையின் வலது ஓரத்தில், நடுத்தடுப்பை உரசுகிற மாதிரியே போனது. இடது பக்கம் ஒரு வண்டி போகுமளவு சாலை சும்மா கிடந்தது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து, அந்தச் சும்மா கிடந்த இடத்தில் ஏறிப் போனபோது தெய்வசிகாமணியின் தோள் தூக்கிப் போட்டது. அவன் எங்கிருந்தோ முளைத்துவிட்டது மாதிரி.

சின்னியம்பாளையம் தாண்டி, சர்வீஸ் ரோட்டுக்கு இறங்குகிற இடத்தில்தான் அது நடந்தது. நடந்தது என்று சொல்லவும் முடியாது, ஒன்றும் நடக்கவில்லை. தெய்வசிகாமணி இண்டிகேட்டரைப் போட்டார், இடது கண்ணாடியைப் பார்த்தார், திரும்பினார். ஷெரின் “சார்!” என்று கத்தினாள், வண்டி தானாகவோ அவர் மிதித்தோ குலுங்கி நின்றது. ஜன்னலை ஒட்டினாற்போல் ஒரு மொபெட், பின்னால் பால் கேன் கட்டின ஒரு அம்மாள், காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் ரங்கநாயகியின் முகத்துக்கு நேராக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத்தில் இருந்தது. திட்டவில்லை. திட்டுகிற அளவுக்கு மூச்சு இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள், பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். “வண்டி அகலம் பழகலை” என்றார் தெய்வசிகாமணி. “பரவால்ல சார், எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான்” என்றாள் ஷெரின், அவள் கை டேஷ்போர்டிலிருந்து இறங்கவில்லை. “இதுல அந்த விளக்கு இல்லையா?” என்று அவர் கேட்டார். “இது கீழ் மாடல் சார், அது வராது.” “அதான்” என்றார். அதான். அந்த ஒரு வார்த்தை ரங்கநாயகியின் காதில் தங்கிவிட்டது. எது அதான்? முப்பது வருஷமாக விளக்கு எரிந்தா இவர் இடது பக்கம் பார்த்தார்? அந்த அம்மாள் எங்கிருந்தும் குதித்து வரவில்லை, தூண் நிழலிலிருந்து கூடவே வந்துகொண்டிருந்தாள், அந்தப் பால் கேனின் மூடியில் வெயில் பட்டுக் கண்ணைப் பறித்ததைப் பின்னால் உட்கார்ந்திருந்த இவளே பார்த்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குச் செலவுக் கணக்கு ஓடவில்லை. கணக்குப் போடப் போனால் வேறு எதுவோ வந்து குறுக்கே நின்றது. வீட்டுச் சின்ன வண்டியின் இடது பக்கக் கதவில் கோடு கோடாகக் கீறல். தீபாவளிக்கு முன்னால் ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையன் சைக்கிள் என்றார், கோயில் வாசலில் யாரோ என்றார். வலது பக்கம் ஒரு கீறல் இல்லை. இடது கண்ணாடியை ஒருமுறை மாற்றினார், மறுபடி உடைந்தது, மறுபடி மாற்றினார். சாப்பாட்டு மேஜையில் இடது கைப்பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு, இதை யாரு இங்க வெச்சது என்று கோபப்பட்டது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். கந்தவேல் மகள் கல்யாணப் பந்தியில் இலையின் இடது பக்கம் வைத்த இனிப்பும் ஊறுகாயும் வைத்தபடியே கிடக்க எழுந்துவிட்டார். சர்க்கரைக்குப் பயந்து ஒதுக்குகிறார், பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டது என்று அவள் அப்போது சந்தோஷப்பட்டாள். ஊறுகாயை ஏன் ஒதுக்கினார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதே கல்யாணத்தில் அவருடைய தங்கை மகள் காலில் விழுந்து கும்பிட்டபோது குனிந்து பார்க்காமல் நடந்து போய்விட்டார், அந்தப் பெண்ணின் தாய் இன்னும் பேசுவதில்லை, அண்ணனுக்குக் காசு வந்து கண்ணு தெரியாமப் போச்சு என்று ஊரெல்லாம் சொன்னாள். ரங்கநாயகியும் அவளோடு சண்டை போட்டாள். கண்ணு தெரியாமப் போச்சு. இருக்காது. போன மாதம்தானே கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தார். எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணியில் பட்டன் இல்லாத சட்டை எது என்று சொல்லுவார். கண்ணில் ஒன்றும் இல்லை. கண்ணில் ஒன்றும் இல்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள், ஜெபம் மாதிரி. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழைய வேலைப் பழக்கத்தில், பழுது எப்போதும் ஒரே பக்கத்தில் வருகிறது என்றால் தற்செயல் இல்லை, இயந்திரத்தைத் திறந்து பார் என்று இன்னொரு குரல் அடியில் நிதானமாகப் பேசியது.

கருநீல வண்டிக்கு மாறும்போது, “நான் முன்னால உக்காந்துக்கறேன்” என்றாள். ஷெரின் பின்னால் போனாள். தெய்வசிகாமணி ஏறி, இருக்கையைச் சரி செய்து, ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தச் சொன்னார். பிறகு ஏசியின் காற்றையும் குறைத்தார். “கொஞ்ச நேரம் யாரும் பேச வேண்டாம்” என்றார், தன்மையாகத்தான் சொன்னார். வண்டி உறுமிக் கிளம்பியது. இது ஜப்பான் வண்டி மாதிரி இல்லை, தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே போகிற வண்டி. ரங்கநாயகி சாலையைப் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தாள், இப்படிப் பக்கத்தில் வைத்து அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. காதோரத்து முடி முழுசாக வெளுத்திருந்தது. தாடை லேசாக அசைந்தது. ஒரு ஆட்டோ இடது பக்கம் நெருங்கியது, கண்ணாடி ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அவர் இண்டிகேட்டர் போட்டதும் டிக் டிக் டிக் என்று விளக்கோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கைச் சத்தம் வந்தது. அவர் பார்க்கவில்லை. தலை மட்டும் ஒரு நூல் சாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர்களை ஒட்டுக் கேட்கிற ஆளுக்குச் சாய்கிற மாதிரி. ஆட்டோ தாண்டிப் போனதும் சத்தம் நின்றது. அவர் தோள் இறங்கியது, வண்டியை அழகாக இடது பக்கம் கொண்டுபோனார், பழைய தெய்வசிகாமணியின் லாவகம், இரண்டு விரல். மறுபடி ஒரு ஸ்கூட்டர், மறுபடி டிக் டிக், மறுபடி அந்தச் சாய்வு. அவர் காதால் ஓட்டுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்தக் கணத்தில் அவளுக்கு, ஒரு பெரிய கூடத்தில் விளக்கைப் போட்டதும் நாற்காலி மேஜையெல்லாம் அதனதன் இடத்தில் நிற்பது தெரிகிற மாதிரி எல்லாம் தெரிந்தது, அவ்வளவுதான். கீறல், டம்ளர், ஊறுகாய், காலில் விழுந்த பெண். மொட்டைமாடிப் பேச்சு. ஆடி மாசத்திலிருந்து பிரஷருக்கு என்று சொல்லி ஒன்றுக்கு இரண்டாக விழுங்குகிற மாத்திரை. அந்தக் கண்ணாடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினது. இதற்காகவா, இந்தப் பட்டாணி விளக்குக்காகவா, ஆணியை நிமிர்த்துகிற மனுஷர் இத்தனை பெரிய வண்டியைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். தீபாவளிக்கு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் வந்தார்களே, போகவரச் சேலம் வழி, பேத்தியை ஏற்றிக்கொண்டு அணைக்கட்டு பார்க்கப் போனார்களே, பேத்தி முன்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாளே. எந்தப் பக்கம் என்று அவளுடைய மனசு கேட்டது. முன் இருக்கை எந்தப் பக்கம் இருக்கும், ஒரே பக்கம்தான். அங்கே நினைப்பு நின்றது. பயம் இப்போதுதான் வந்தது, நடந்து முடிந்த ஒன்றுக்காக, நடக்காமல் போன ஒன்றுக்காக. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளும் குடோன்களும் போய்க்கொண்டிருந்தன, அவள் அவற்றை எண்ணாமல், படிக்காமல், சும்மா பார்த்தாள்.

கடை வாசலில் நிறுத்தினதும், உள்ளே சொல்லிவிட்டு வந்துடறேன் என்று ஷெரின் இறங்கப் போனாள். “நீ போம்மா, நாங்க கொஞ்சம் பேசிட்டு வர்றோம்” என்றாள் ரங்கநாயகி. அவள் கதவைச் சாத்தியதும் வண்டிக்குள் பஞ்சு அடைத்த மாதிரி அமைதி. நல்ல வண்டிதான், இந்த அமைதியைச் செய்யத்தான் அவ்வளவு விலை.

“ஏனுங்க” என்றாள். “எடது பக்கம் எவ்வளவு தெரியுது?”

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பொய் ஒன்றை எடுக்கப் போய், அது கைக்கு எட்டாமல், விட்டுவிட்டது மாதிரி இருந்தது அவர் முகம்.

“மேல தெரியும். கீழதான் இல்லை.”

“இல்லைன்னா? இருட்டா இருக்குமா?”

“இருட்டு இருந்தாத்தான் தெரிஞ்சிருமே. ஒண்ணுமே இருக்காது. எல்லாம் முழுசா இருக்கற மாதிரிதான் இருக்கும். பஸ்ஸு தெரியும், லாரி தெரியும். சின்னதா, தாழ வர்றது மட்டும் இருக்காது. அப்பறம் திடீர்னு இருக்கும்.”

“எப்பருந்து?”

“ஆடியில. சூலூர் சைட்டுல தலை வலிச்சுது, சித்த நேரம் உக்காந்தேன். சூப்பர்வைசர் பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். தலைக்குள்ள ஒரு சின்ன ரத்தக் கட்டியாம், தானே கரைஞ்சிருச்சாம். கண்ணு ரெண்டும் நல்லாருக்குது, மூளையில பார்வைக்குன்னு இருக்கற எடத்துல ஒரு பொட்டு செத்துப்போச்சுன்னாங்க. அது திரும்ப வராதாம்.” சந்தையில் விலை விசாரித்துவிட்டு வந்தவர் சொல்லுகிற குரலில் சொன்னார். “ஆஸ்பத்திரியிலருந்து மாசம் ஒருக்கா போன் பண்ணிக் கேக்கறாங்க, எப்படி இருக்குதுன்னு.”

“வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்களா?”

அவர் ஸ்டியரிங்கின் தையலை நகத்தால் நிமிண்டினார்.

“பேத்தி முன்னால உக்காந்திருந்தா” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

“தெரியும்” என்றார். “அணைக்கட்டுலருந்து வர்றப்ப ஒரு நாய். அவதான் தாத்தா நாய்னு கத்துனா. அதுக்கப்பறம்தான் இந்த வண்டியெல்லாம் பாக்க ஆரம்பிச்சேன். ஓட்டறதை விடறதா, இல்லை இப்படி ஒண்ணு வாங்கறதான்னு ரெண்டுதான் இருந்துது. இதுல விளக்கு எரியுது பாரு ரங்கு. சத்தம் வேற போடுது. கேமரா இருக்குது, சுத்தியும் காட்டுது. பத்து வருஷம் ஓட்டிரலாம்னு நெனச்சேன். டிரைவர் வெச்சுப் பின்னால உக்காந்து சைட்டுக்குப் போனா, மேஸ்திரி என்ன கேப்பான்? என்னாச்சுங்கய்யான்னு கேப்பான். அதைக் கேட்டுட்டான்னா அப்பறம் எவன் நான் சொல்ற மட்டத்துக்குச் செவுரு வெப்பான்?”

ரங்கநாயகி அவர் கையைப் பார்த்தாள். சிமெண்ட் அரித்த நகங்கள், இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. கொள்முதல் பிரிவில் ஒரு பொருளை நிராகரிக்கிறபோது காரணத்தை ஒரே வரியில் எழுத வேண்டும், நீட்டி எழுதினால் எதிராளி வாதத்துக்கு வருவான். அப்படித்தான் சொன்னாள். “நீங்க அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டதுக்கு அவ சரியாப் பதில் சொல்லலை. அந்த விளக்கு எரியலைன்னா, வண்டி வரலைன்னு அர்த்தமா, விளக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தமான்னு. அந்தப் பால்கார அம்மா இப்ப பத்திரமா வீட்டுக்குப் போயிருப்பாங்க. அது உங்களால இல்லைங்க. அந்தப் பொண்ணு கத்துனதால.”

ஏசி நின்றிருந்ததால் வண்டிக்குள் மெல்லச் சூடு ஏறியது, தோல் இருக்கை வாசனை கனத்தது. பிறகு தெய்வசிகாமணி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார், மறு கையையும் எடுத்தார், இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அவை யாருடையவை என்பது மாதிரிப் பார்த்தார். “நாளைக்கு அந்த டாக்டரை நான் பாக்கோணும்” என்றாள் அவள். “பாக்கலாம்” என்றார். “சைட்டுல நானே சொல்லிடறேன். நீ சொல்லாதே.” “நான் எதுக்குச் சொல்றேன்.”

ஷெரினிடம் ரங்கநாயகிதான் பேசினாள். இரண்டு வண்டியும் வேண்டாம் என்றாள். விலையில ஏதாவது பார்க்கலாம் மேடம் என்று அந்தப் பெண் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒரு ஆக்டிங் டிரைவர் மட்டும் சொல்லிவிடு, எங்கள் வண்டியை வீடுவரைக்கும் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றதும் ஷெரின் தெய்வசிகாமணியை ஒருமுறை பார்த்தாள், டேஷ்போர்டைப் பிடித்திருந்த தன் கையையும் பார்த்துக்கொண்டாள், வேறெதுவும் கேட்காமல் போனை எடுத்தாள்.

வந்தவர் பெயர் ஆரோக்கியம், நடுவயது, சட்டைப் பையில் சீப்பு. சின்ன வண்டியின் இருக்கையைப் பின்னால் தள்ளி, கண்ணாடிகளைத் தனக்கு ஏற்றபடி திருப்பி, போலாமுங்களா என்று கேட்டார். தெய்வசிகாமணி வலது கதவுவரைக்கும் நடந்து போய்விட்டு, நினைவு வந்து, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் இடது இருக்கையில் உட்கார்ந்தார். ரங்கநாயகி பின்னால். அந்த இருக்கையில் இவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. வண்டி சாலைக்கு ஏறியது. ஆரோக்கியம் பிரேக்கை மிதிக்கிற இடங்களிலெல்லாம், மிதிக்கிறதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, தெய்வசிகாமணியின் வலது கால் தரை விரிப்பை அழுத்தியது. அங்கே ஒன்றும் இல்லை, ரப்பர் மட்டும்தான். ஹோப் காலேஜ் சிக்னல் வருகிறவரைக்கும் அந்தக் கால் ஓட்டிக்கொண்டே வந்தது. பின் இருக்கையில் அவளுக்கு நினைவெல்லாம் மெதுவாகத் திரும்பிவந்தது, டிரைவருக்கு மாதச் சம்பளம், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், தங்கை மகளிடம் யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது. எதுவும் ஒரு வரிசைக்கு வரவில்லை, வரவைக்க அவளும் முயற்சி செய்யவில்லை.

சிக்னலில் வண்டி நின்றது. “லெஃப்ட்ல பாத்துப் போங்க” என்றார் தெய்வசிகாமணி.

“பாத்துக்கறேனுங்க” என்றார் ஆரோக்கியம்.

“என்ன வருது?”

ஆரோக்கியம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார், வாடிக்கையாளர் கேட்கிறார், பதில் சொல்வதில் என்ன நஷ்டம். “ஒரு டி.வி.எஸ்ஸுங்க. பின்னால ரெண்டு வாழைத்தார் கட்டிக்கிட்டு ஒருத்தர் நிக்கறாரு. ஒண்ணு பழுத்துருச்சுங்க.”

தெய்வசிகாமணி தலையை முழுசாகத் திருப்பினார், தாடை தோளில் இடிக்கிற அளவுக்கு, பிறகு கண்ணைத் தாழ்த்தினார். கதவுக்கு மிக அருகில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அந்த ஆள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாழைத்தார் இருந்தது. ஒன்று பழுத்திருந்தது.

“ஆமா” என்றார். “இருக்குது.”

பச்சை விழுந்தது. “அவரு போகட்டும்” என்றார். ஆரோக்கியம் பொறுத்தார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன. டி.வி.எஸ் புகை விட்டுக்கொண்டு, தள்ளாடி, முன்னால் போனது.